குத்தாலத்துச் சிவப்பு, குமாரபாளையத்துக் காவிரி

சனிக்கிழமை காலை ஆறரை மணி வாக்கில், காவிரியின் கடைமடைப் பக்கம் இருக்கிற எங்கள் குத்தாலம் ஸ்டேஷனில் சேலம் ரயிலைப் பிடித்தேன். டிக்கெட் எண்பது ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் என்னையும் சேர்த்து எங்கள் தெருப் பெண்கள் பதினோரு பேர் தைத்த சிவப்புத் துணி ஒன்று இருந்தது. பையை மேலே வைக்கச் சொன்ன எதிர் சீட்டுக்காரரிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

விஷயம் இதுதான். நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையத்தில் சில பெண்கள் துணியால் ஒரு காவிரி செய்கிறார்கள். மேட்டூரிலிருந்து கடல்வரை ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு துண்டு தைத்துத் தரவேண்டும். ஆற்றில் எதைத் திரும்பப் பார்க்க ஆசையோ அதைத் தைக்கலாம். யாரையும் குறை சொல்லித் தைக்கக்கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. எல்லாத் துண்டுகளையும் நீலத் துணியில் இணைத்து, ஞாயிறு காலை படித்துறையில் கட்டுவார்கள். நான் ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள். ஊசி பிடிக்கத் தெரிந்தவள் என்பதால் எங்கள் ஊர் சார்பில் என்னை அனுப்பினார்கள்.

குமாரபாளையத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மேலே இருப்பவர்கள் சாயத்தைக் கலக்கிவிடுகிறார்கள், கீழே இருக்கும் நாம் அதைக் குடிக்கிறோம் என்பது எங்கள் ஊர் டீக்கடைப் பேச்சு. எனக்கும் அதே எண்ணம்தான். திருச்சிக்கு மேற்கே ரயில் ஆற்றை ஒட்டியே போனது. மணலும் கோரையுமாகக் கிடந்த காவிரியைப் பார்க்கப் பார்க்க அந்தக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது.

மதியம் இரண்டு மணிக்குச் சேலம். டவுன் பஸ்ஸில் புது பஸ் ஸ்டாண்டு போய், தயிர்சாதம் நாற்பது ரூபாய்க்குச் சாப்பிட்டுவிட்டு பவானி பஸ்ஸில் ஏறினேன். குமாரபாளையம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். சங்ககிரி மலையடிவாரத்தில் ரோட்டின் இரண்டு பக்கமும் லாரிகள். புது லாரி, பழைய லாரி, பெயிண்டுக்குக் காத்திருக்கும் லாரி என்று அவ்வளவு லாரிகளை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. கண்டக்டர் என் பையைப் பார்த்து, சேலை யாவாரமா என்று கேட்டார். ஆறு கொண்டுபோகிறேன் என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

நாலரை மணிக்கு ஸ்டாண்டில் மலர்க்கொடி ஸ்கூட்டரோடு நின்றாள். இந்தத் துணி ஆற்றைத் தொடங்கிவைத்தவள் அவள்தான். வீட்டுக் கீழ்த்தளத்தில் நான்கு தறிகள் ஓடுகின்றன. நைட்டி தைத்தும் விற்கிறாள். தெருவுக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் விசைத்தறிச் சத்தம். நான் காதைப் பொத்தினேன். அவளோ அந்தச் சத்தத்திலேயே என் பயணம், சாப்பாடு, முழங்கால் வலி எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிட்டாள்.

மாடி ஹாலைப் பார்த்ததும் என் கோபத்தில் பாதி இறங்கிவிட்டது. சுவரிலிருந்து சுவர்வரை நீலத்துணி விரித்திருந்தார்கள். அதன்மேல் ஊர் ஊராகத் துண்டுகள். மேட்டூர் அணையில் மீன்பிடிக்கிற வீட்டுப் பெண்கள் ஜரிகைக் கழிவில் கெண்டை மீன் தைத்திருந்தார்கள். செதில் செதிலாக அத்தனை நேர்த்தி. உள்ளூர்ப் பெண்கள் தறியில் வெட்டி எறிகிற கரைத்துணுக்குகளை முறுக்கி நாணல் செய்திருந்தார்கள். பகலெல்லாம் தறியில் நின்றுவிட்டு, அந்திக்குமேல் வந்து உட்கார்ந்து தைத்த வேலை. என் தொழிலில் வேலை சுத்தம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அந்த நாணலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பின்பக்கத் தையலையும் திருப்பிப் பார்த்தேன்.

பிறகு எங்கள் துணியை விரித்தேன். நல்ல சிவப்பு. அதன்மேல் வெள்ளைக் கொக்குகள், ஆளுக்கொன்றாகப் பதினொன்று. சுற்றி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஊசியை நிறுத்தினார்கள். மலர்க்கொடியின் அண்ணன் ரங்கசாமி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். சாயப்பட்டறை வைத்திருப்பவர், நீலத்துணி முழுவதையும் இலவசமாகச் சாயமேற்றித் தந்தவர். அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

"ஏனுங்க்கா, கொறை சொல்லித் தைக்கக்கூடாதுன்னு சொல்லியிருந்தமுங்களே" என்றாள் மலர்க்கொடி.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பதறிப்போய் பால்கனிக்கு ஓடினேன். எங்கள் பக்கம் சிவப்பு என்றால் புதுத்தண்ணி என்று ரங்கசாமியிடம் சொன்னேன். அணை திறந்து, வறண்டு கிடக்கிற வாய்க்காலில் முதல் தண்ணி வரும்போது மண்ணைக் கரைத்துக்கொண்டு செக்கச்செவேல் என்று நுரையோடு வரும். பிள்ளைகள் அதற்கு முன்னால் ஓடுவார்கள், பின்னாலேயே கொக்குகள் வந்து இறங்கும். அந்தத் தண்ணி வருஷா வருஷம் தவறாமல் வரவேண்டும் என்பதுதான் எங்கள் பதினோரு பேருடைய ஆசை. அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்களுக்குச் செவப்புத் தண்ணின்னா எங்க பட்டறதானுங்க நெனப்புக்கு வருது. நாளைக்குப் படித்துறையில பாக்கறவங்களுக்கும் அப்படித்தான் வரும்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. சேர்ப்பதா வேண்டாமா என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். துணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய் மற்றப் பத்துப் பேர் முகத்தில் எப்படி விழிப்பது? கடைசியில் மலர்க்கொடி, எல்லாத் துண்டுக்கும் செய்கிற சோதனையை இதற்கும் முதலில் செய்துவிடலாம் என்றாள். வெளியூருக்குச் சரக்கு அனுப்புகிற ஊர் அல்லவா, சாயம் விடுகிறதா என்று நனைத்துப் பார்க்காமல் எதையும் எதோடும் சேர்க்கமாட்டார்கள். எங்கள் துணியை நனைத்து, வெள்ளைக் காடாத்துணியில் வைத்து அழுத்தினாள்.

எடுத்தபோது காடா முழுக்கச் சிவப்பு. கொக்குகள் எல்லாம் ரோஜா நிறம். கல்லுப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்த பிறகுதான் தைத்தோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. சாயத்தைக் கலக்குகிறார்கள் என்று இவர்களைத் திட்டிக்கொண்டு வந்தவள் நான். அந்த ஹாலில் சாயம் விட்ட துணி என்னுடையது ஒன்றுதான்.

யாரும் சிரிக்கவில்லை. ரங்கசாமி துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாயம் போட்டவன் கடைசி அலசலில் காசு மிச்சம் பிடித்திருக்கிறான், உப்பு என்ன செய்யும் என்றார். இதே வேலை செய்து எத்தனை கம்பெனிகளைக் காப்பாற்றியிருக்கிறேன் என்று கொஞ்சம் பீற்றிக்கொள்ளவும் செய்தார். அலுமினிய குண்டாவில் சோப்புத்தண்ணி கொதித்தது. முதல் தண்ணி பீட்ரூட் வேகவைத்தது மாதிரி வந்தது, இரண்டாவது கொஞ்சம் வெளிறியது, மூன்றாவதில் தெளிந்தது. ஒவ்வொரு தண்ணியையும் அவர் பக்கெட்டில் ஊற்றி ஓரமாக வைத்தார். உதவி செய்கிற அவசரத்தில் நான் முதல் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பாத்ரூம் பக்கம் போனேன். மலர்க்கொடி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க வேண்டாங்க்கா. இந்தச் சாக்கடை நேரா ஆத்துக்குப் போவுது."

மொட்டைமாடியில் தார்ப்பாய் விரித்து, சுற்றிலும் செங்கல் அடுக்கி ஒரு தொட்டி மாதிரி செய்திருந்தார்கள். நாங்கள் மூவரும் ஆளுக்கொரு பக்கெட்டாகத் தூக்கிப்போய் அதில் ஊற்றினோம். வெயிலில் தண்ணி வற்றிப்போகும், அடியில் தங்குவதைச் சுரண்டித் தன் பட்டறைக் கழிவோடு சேர்த்து ஒழுங்காக அனுப்பிவிடுவதாக ரங்கசாமி சொன்னார். மூச்சு வாங்க அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"துணியச் சுத்தம் பண்றது பெரிய காரியம் இல்லீங்க. அந்தத் தண்ணி எங்க போவோணும்ங்கறதுதான் காரியம். அது எங்களுக்கே லேட்டாத்தான் புரிஞ்சுது" என்றார்.

அதைச் சொல்ல ஒரு மனசு வேண்டும். அவர்மேல் எனக்கு அந்த நிமிஷம் பெரிய மரியாதை வந்தது. அதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் கூச்சப்பட்டுக் காப்பி கேட்டார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குத் துணி காய்ந்திருந்தது. பளீர் சிவப்பெல்லாம் போய், செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. பெண்கள் மறுபடி கூடி நின்று பார்த்தார்கள். "இது சாயமில்ல, மண்ணுத்தண்ணிதான்" என்று மலர்க்கொடியே சொல்லி, ஊசியில் நூலைக் கோத்தாள். கொக்குகளுக்கு மேலே வெள்ளை நூல் ஓட்டட்டுமா என்று கேட்டாள். அந்தப் பதினொன்றில் ஒன்று எங்கள் தெரு இந்திரா முதல்முதலாக ஊசி பிடித்துத் தைத்தது. இருக்கிறபடியே இருக்கட்டும் என்றேன். கடலுக்குப் பக்கத்தில், கடைசிக்கு முந்திய இடத்தில் எங்கள் துண்டு சேர்ந்தது. நான்கு பேர் தலையில் சுமந்துபோய்ப் படித்துறையில் கட்டினோம். குளிக்க வந்தவர்கள் ஈரத்துணியோடு நின்று பார்த்தார்கள். ஒரு அம்மா கொக்கைக் காட்டி, இது எந்த ஊர்க் கொக்கு சாமி, இத்தனை அழகாக வெட்கப்படுது என்று கேட்டார். எங்க ஊர்க் கொக்குங்க என்று நானும் ஒரு 'ங்க' சேர்த்துச் சொன்னேன்.

மதியம் மலர்க்கொடி பஸ் ஏற்றிவிட்டாள். போயிட்டு வாரேன் என்று அவளைப் போலவே சொல்லிப் பார்த்தேன், சிரித்தாள். எங்கள் ஊரில் புதுச்சேலையை ஆற்றுப்படியில் அலசித்தான் கட்டுவோம். சிவப்போ பச்சையோ தண்ணியோடு போகட்டும் என்று விட்டுவிடுவோம், அது யார் வீட்டுக் குடத்துக்குப் போகிறது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. சங்ககிரி தாண்டியதும் இந்திராவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு வெளுத்துப்போச்சு, கொக்கெல்லாம் ரோஸ் கலராயிடுச்சு, ஆனாலும் சேர்த்துக்கிட்டாங்க என்றேன். அவள் கொக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தச் சாயத்தண்ணிய எங்கடி ஊத்துனாங்க?"

"மாடியில காயுது. ஆத்துல ஊத்தலை."



"அப்ப நம்மகிட்ட வராதுன்னு சொல்லு."

வராது என்றேன்.