அழகப்பனின் கிளிப் பெடல்

அழகப்பன் நல்லவர் என்று சொல்லித் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. ஜூரோங் வெஸ்ட்டில் அவர் வீடும் என் வீடும் எதிரெதிர் வாசல். கதவைத் திறந்து போட்டுக்கொண்டு வாழ்கிற குடும்பம் அது. அங்கே நடப்பதெல்லாம் வேண்டாம் என்றாலும் என் காதில் விழும். அழகப்பன் லிஃப்ட் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. மேலே இருப்பவர்களிடம் குழைவார், கீழே இருப்பவர்களிடம் எரிந்து விழுவார். வீட்டில் அவருக்குக் கீழே இருந்தது மனைவி தங்கம் ஒருத்திதான்.

கம்பெனியில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஒரே தளத்தில் இரண்டு சூப்பர்வைசர்கள், அழகப்பனும் ரகுபதியும். ஆண்டு முடிவதற்குள் ஒருவர் போக வேண்டும். யார் என்று முடிவு செய்வது மேனேஜர் பிரேம். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது, அழகப்பனை அங்கிள் என்றுதான் கூப்பிடுவார். இந்த வயதில் வேலை போனால் அதே சம்பளத்தில் இன்னொரு வேலை கிடைக்காது என்று அழகப்பனுக்குத் தெரியும். ராத்தூக்கம் போய்விட்டது.

பிரேமுக்குச் சைக்கிள் பைத்தியம். தார்ச் சாலையிலும் ஓடும், சரளைக்கல் பாதையிலும் ஓடும், அப்படி ஒரு சைக்கிள் வைத்திருந்தார். ஞாயிறுதோறும் பொங்கோலிலிருந்து ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்புவார். ரகுபதி அந்தப் பக்கமே போனதில்லை. வேலையை முடித்தோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருக்கும் மனிதர். பிழைக்கத் தெரியாதவன் என்று அழகப்பன் அவரைச் சொல்லிச் சிரிப்பார். சிரித்த கையோடு தானும் ஒரு சைக்கிள் வாங்கினார்.

முதல் ஞாயிறு சாதாரணப் பெடலோடு போய் நின்றார். பிரேம் குனிந்து பார்த்தார்.

“அங்கிள், இது மார்க்கெட்டுக்குக் கீரை வாங்கப் போற பெடல்லா.”

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அழகப்பன்தான். அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கிளிப் பெடல் இல்லாதவர் வால் பக்கம்தான் ஓட்ட வேண்டும், வழியில் எல்லாருக்கும் போட்டோ எடுத்துத் தர வேண்டும். வாரா வாரம் அழகப்பன் போட்டோ எடுத்தார். ஒரு போட்டோவிலும் அவர் இல்லை.

கிளிப் பெடல் என்றால் வேறொன்றுமில்லை. ஷூவின் அடியில் ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கும். பெடலின் வாய் அதைக் கவ்விக்கொள்ளும். காலை எடுக்க வேண்டுமானால் குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். திருப்ப மறந்தால் சைக்கிளோடு சேர்ந்து சாய வேண்டியதுதான்.

ஜாலான் புசாரில் பிரேம் வழக்கமாகப் போகும் சைக்கிள் கடைக்கு, ஜலாலுதீனிடம் போனார். பக்கத்தில் ஸ்குரு வாங்கப் போயிருந்த நானும் கூடப் போனேன். ஜலாலுதீன் மூன்று நான்கு ஜோடிகளை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தார். தார்ச் சாலைக்கு மட்டும் என்றால் ஒரு வகை, ஆனால் அந்த ஷூவோடு நடக்க முடியாது, வாத்து மாதிரி தத்த வேண்டும். சரளைக்கும் சேற்றுக்கும் இன்னொரு வகை, அதில் இரும்புத் துண்டு ஷூவுக்குள்ளேயே அமுங்கி இருக்கும், இறங்கி நடக்கலாம். அதிலேயே ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் கிளிப்பாகவும் இருப்பது புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நல்லது, பயமாக இருந்தால் தட்டைப் பக்கத்தில் மிதித்துக்கொள்ளலாம் என்றார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அழகப்பன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“பிரேம் எதுண்ணே போட்டிருக்காரு?”

பிரேம் போட்டிருந்தது இரண்டு பக்கமும் கவ்வுகிற வகை. அதையே வாங்கினார். முடி கொட்டிய தலைக்கு மேனேஜரின் சீப்பை வாங்கியது போலத்தான்.

ஆனால் அவரைக் குறை சொல்ல முடியாத விஷயம் ஒன்று உண்டு. பழகினார். சாயங்காலங்களில் என் வீட்டு இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு சைக்கிள்மேல் உட்கார்ந்து, மாட்டுவதும் கழற்றுவதுமாக இருப்பார். என் டிவி சத்தத்தை மீறி ‘டக் டக்’ என்று கேட்கும். ஒரு தடவைகூடக் கால் சிக்கியதில்லை.

வெள்ளிக்கிழமை சிராங்கூன் சாலைக் கோயிலில் சைக்கிளுக்குப் பூஜை. புதுப் பெடல் மாட்டினால் தங்கத்துக்கு அது புது வண்டிதான், பூஜை போடாமல் விடுவது அவள் அகராதியில் கிடையாது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், கற்பூரம், மாலை எல்லாம் ஆனது. அர்ச்சகர் போன பிறகு தங்கம் தன் கையாலும் சந்தனம் வைத்தாள். ஹேண்டில்பாரில் வைத்து, மேலே குங்குமமும் வைத்தாள். பெடலுக்கு வந்ததும் கை நின்றது. கணவரின் உயிரைத் தாங்கப் போவது பெடல்தான், அதற்கு வைக்காமல் இருக்க முடியாது. ஆனால் மிதிக்கிற இடத்தில் சந்தனம் வைத்தால் பாவம். குனிந்து தேடினாள். பெடலின் வாய்க்குள்ளே, ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு இடுக்கு இருந்தது. கெட்டிச் சந்தனத்தை உருட்டிக் கட்டைவிரலால் அதில் அழுத்தினாள். எல்லா வாயிலும் அப்படியே.

“இங்க கால் படாதுல்லங்க?” என்று கேட்டாள்.

அழகப்பன் பூஜைப் படத்தைப் பிரேமுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். போனிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் சந்தனம் காய்ந்து கல்லாகிவிட்டது. பொங்கோலில் ஷூவை வைத்தபோது பெடல் கவ்வவில்லை. எழுந்து நின்று ஓங்கி மிதித்தார். ‘டக்’ என்று இறங்கியது. நல்ல இறுக்கம் என்று அவருக்குச் சந்தோஷம் வேறு. பிரேம் பெடலைப் பார்த்துவிட்டு, “வாங்க அங்கிள், இன்னிக்கு முன்னாடி” என்றார். அன்றுதான் அழகப்பன் முதல் தடவையாக மேனேஜருக்குப் பக்கத்தில் ஓட்டினார். அந்த வாழ்வு அடுத்த சிக்னல் வரைக்கும்தான்.

சிவப்பு விழுந்தது. எல்லாரும் ஒரு காலைத் தரையில் வைத்தார்கள். அழகப்பன் குதிகாலைத் திருப்பினார். வரவில்லை. மறுகாலைத் திருப்பினார். அதுவும் வரவில்லை. நின்ற சைக்கிள் எவ்வளவு நேரம் நிற்கும்? வலப்பக்கமாக அப்படியே சாய்ந்து, தார்ச் சாலையில் போய் விழுந்தார்.

கிளிப் போட்டவர் முதல் தடவை விழுந்தால் போட்டோ எடுப்பதும் அந்தக் கூட்டத்தின் வழக்கம். சைக்கிளில் கட்டுண்டு கிடந்தவரைச் சுற்றி நின்று எடுத்தார்கள். பிரேம் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கட்டைவிரலைக் காட்டினார். அழகப்பனும் சிரிக்கப் பார்த்தார். எழுந்திருக்க முடியவில்லை என்று அவர்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. வலது முழங்கை உடைந்திருந்தது, இடுப்பெலும்பில் விரிசல். அந்தப் போட்டோவை நானும் பார்த்தேன்.

அழகப்பன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, பிரேம் ஒரு பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தார். தளத்தில் நாள் முழுக்க நின்று பார்க்கிற ஆள் தேவை, டாக்டர் சொல்வதைப் பார்த்தால் உங்களால் பல மாதம் முடியாது, அதனால் ரகுபதியை வைத்துக்கொள்கிறோம் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

“உண்மையச் சொல்றேன் அங்கிள், உங்களத்தான் வெச்சுக்கறதா இருந்தோம். நீங்க சைக்கிள் வாங்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணியாச்சு.”

“நீங்க எது செஞ்சாலும் சரிதான் பாஸ்” என்றார் அழகப்பன். என் வீட்டிலிருந்து கேட்ட எனக்கு இரண்டு பேரையும் அறையலாம் போல இருந்தது.

பிரேம் போனதும் அழகப்பன் சைக்கிளைக் கிட்டே இழுத்துப்போட்டு, இடது கையில் ஸ்குரூடிரைவரை வைத்துக்கொண்டு பெடலின் ஒரு வாயைக் கிளறினார். ஸ்பிரிங்கை அசையவிடாமல் பிடித்திருந்த சந்தனம் மஞ்சளாக ஒரு கட்டியாய் விழுந்தது. தங்கத்தைக் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குப் பழக்கம்தான்.

“இது என்ன தெரியுதா? என் வேலை” என்றார்.

அந்தக் கட்டியை ஒரு சின்னத் தட்டில் வைத்து, தங்கம் சாப்பிடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் அது அங்கேயே இருந்தது. அவள் எடுத்து வைத்தால் மறுபடியும் கொண்டுவந்து வைப்பார். கோயிலில் தலையாட்டியது அவருக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு இருந்தது, சொல்லவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவாள். நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனாள்.

இனி வருவது தங்கம் என்னிடம் சொன்னது. நான் அப்போது ஊரில் இல்லை. பிரேம் போன் செய்திருக்கிறார். சைக்கிள் சும்மாதானே கிடக்கிறது, ரகுபதியையும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், அவருக்குக் கொடுத்துவிடுங்களேன் என்று. அழகப்பன் உடனே சரி என்றார். ரகுபதி வந்தார். சங்கடத்தில் நெளிந்தார், உட்காரவே தயங்கினார். ஷூவும் அவர் அளவாகவே இருந்தது. அவர் உள்ளே அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தங்கம் ஈரத்துணியோடு வெளியே வந்து சைக்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வாயைத்தான் அழகப்பன் கிளறியிருந்தார். மற்ற வாய்களெல்லாம் அப்படியே அடைத்துக்கொண்டு கிடந்தன.

அழகப்பன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே வந்தார். விடு என்றார்.

“அவரும் விழுந்துடுவாரேங்க.”

“விழட்டும். அப்புறம் அந்த இடத்துக்கு ஆள் வேணும்ல?”

கணவர் வேலைக்குத் திரும்பினால் மேசையிலிருந்து அந்தத் தட்டு போய்விடும். தங்கத்துக்கு அப்போது தோன்றியது அது ஒன்றுதானாம். துணியைச் சுருட்டிக் கையில் மறைத்துக்கொண்டு எழுந்தாள். ரகுபதி வெளியே வந்தார். ஹேண்டில்பாரில் ஒட்டியிருந்த குங்குமத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“பூஜை போட்ட வண்டியாக்கா? கிளிப்புன்னதும் கொஞ்சம் பயந்துட்டே வந்தேன். இப்பப் பயம் இல்ல.”

“ஆமா தம்பி,” என்றாள் தங்கம். “சாமி பாத்துக்கும். நல்லா அழுத்தி மிதிங்க.”