ரோஜாத் தோட்டத்து உரம்

அந்த யோசனையைச் சொன்ன புண்ணியவான் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக மாற்றிப் பேச எனக்கே ஆசை வந்தாலும் வரும்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நான் டைம் கீப்பர். உளுந்தூர்பேட்டை வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, கரியாலூர் வண்டி எத்தனை மணிக்கு மலையிலிருந்து இறங்கியது என்று நோட்டில் எழுதுவது வேலை. எழுதாத நேரமெல்லாம் எதிரே கொளஞ்சியம்மாள் கடையில் டீ. ஒரு நாளைக்கு ஆறு.

வடக்கனந்தல் பக்கம் கரும்பு வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர் அவர். கத்தி இடது கையில் இரண்டு விரலைக் கொண்டுபோன பிறகு யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. மிச்சமிருந்த மூன்று விரலில் கிளாஸைப் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி டீ ஆற்றுவார். ஒரு சொட்டு கீழே விழாது. புதிதாக வருகிறவர்கள் முதலில் அந்தக் கையைப் பார்ப்பார்கள். ஒரு வாய் குடித்த பிறகு டீயை மட்டும் பார்ப்பார்கள். மலையிலிருந்து புளி மூட்டையோடு இறங்குகிற ஜனங்களும் மற்ற கடைகளைத் தாண்டி இங்கேதான் வருவார்கள். "கொளஞ்சியம்மா டீ" என்ற அந்தப் பெயரைத் தவிர அவருக்குச் சொத்து என்று எதுவும் கிடையாது.

எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தது. வழியெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு வாரம் என் நோட்டு வெள்ளையாகவே கிடந்தது. கோஷம் போட்டுத் தொண்டை கட்டியவர்கள் வந்து கையை ஆட்டி டீ கேட்டார்கள். கொளஞ்சியம்மாள் சித்தரத்தையைக் கல்லில் நசுக்கி டீயோடு கொதிக்கவிட்டார். தொண்டை திறந்தது. மறியல் முடிந்த பிறகும் அந்த டீதான் வேண்டும் என்று கேட்டார்கள். ஊரில் வேறு எந்தக் கடையிலும் டீயில் சித்தரத்தை போடுகிற வழக்கம் இல்லை.

லாரி வராததால் கம்பெனி டீத்தூள் விலை ஏறியது. லாரி வந்த பிறகும் இறங்கவில்லை.

"டீ விலைய ஏத்தினா கூலிக்காரன் எப்பிடி சார் குடிப்பான்?" என்று அவர் ஒருநாள் கையைப் பிசைந்தார்.

அப்போதுதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. கடைவீதியில் ஒரு பெரிய மளிகைக்கடை தன் பெயரையே அச்சடித்துத் தூளைப் பாக்கெட் போட்டு விற்றது. "பாதி வெலைம்மா. ஜனங்க கலரத்தான் பாக்கும்" என்றேன்.

"நல்லாருக்குமா சார்?"

"நான் சொல்றேன் இல்ல?"

வாங்கினார். கலர் என்றால் அப்படி ஒரு கலர். பார்த்தவர்கள் புகழ்ந்தார்கள். எனக்கு ராத்திரியானால் நெஞ்சு எரிந்தது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

காசிநாதனைப் பற்றியும் சொல்ல வேண்டும். தினமும் காலையில் சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு வருவான். டீக்கடை டீக்கடையாகப் போய், வடிகட்டி எறிகிற சக்கையை வாங்கிப் போவான். யாரோ ஒரு முதலாளியின் ரோஜாத் தோட்டத்துக்கு உரமாம். கொளஞ்சியம்மாள் இரண்டு வருஷமாகச் சும்மாவே கொடுத்துவந்தார். பதிலுக்கு அவன் குழாயடியிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைப்பான்.

புதுத் தூளுக்கு மாறி ஒரு மாதம் இருக்கும். முதல் வண்டியை எழுதிவிட்டுக் கடைக்குப் போனால் அடுப்பு பற்றவைக்கவில்லை. கொளஞ்சியம்மாள் அப்போதுதான் பிரித்த பாக்கெட்டைத் தட்டில் கொட்டிவைத்துக்கொண்டு, பேயடித்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"சார், இது இன்னா சொல்லுங்க."

உள்ளங்கையில் நார் நாராக நசுங்கிய ஒரு துண்டு. மோந்து பார்த்தேன். சித்தரத்தை.

"ஒங்க கையிலேர்ந்து விழுந்திருக்கும்."

"இப்பதான் பிரிச்சேன். இன்னும் கல்லையே எடுக்கல."

ஒரு பிடித் தூளைப் பச்சைத் தண்ணீரில் போட்டார். கொதிக்கவைக்காமலே சாயம் இறங்கித் தண்ணீர் ரத்தம் மாதிரி சிவந்தது. இறுத்துவிட்டு மறுபடி தண்ணீர் ஊற்றினார். அடியில் தங்கியது வெளுத்துப்போன சக்கை. தினமும் இவர் கையால் காசிநாதன் சாக்கில் கொட்டிய அதே சக்கை.

நான் குடித்ததைக் கணக்குப் போட்டேன். ஒரு மாதம், நாளைக்கு ஆறு. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஊரு குடிச்சிட்டுப் போட்டத திரும்ப ஊருக்கே ஊத்திக்கினு இருந்திருக்கேனே சார்!"

"சத்தம் போடாதீங்க. இத்தக் கொட்டிட்டு கம்பெனித் தூளு வாங்கிக்கலாம். யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன். ஆமாம், அதையும் நான்தான் சொன்னேன்.

அவர் கொட்டவில்லை. வழக்கமான ஆட்கள் பதினைந்து பேர் கூடும்வரை காத்திருந்தார். பிறகு எழுந்து நின்று தட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். "வெல கம்மின்னு நாந்தான் வாங்கினேன். ஒரு மாசமா ஒங்களுக்குச் சக்கைய ஊத்திட்டேன். இன்னா வேணா திட்டுங்க."

ஒருத்தர் காறித் துப்பினார். நாலைந்து பேர் எழுந்து எதிர்க்கடைக்குப் போனார்கள். கரியாலூர் செல்லியம்மாள் எழுந்து போகவில்லை. "ஆஸ்பத்திரியில எம் பொண்ணு புள்ள பெத்துக் கெடந்தப்ப, இந்த டீயத்தானே தூக்குல வாங்கிக்கினு போயி ஊத்தினேன்!" என்று மார்பில் கை வைத்தாள். கொளஞ்சியம்மாளுக்கு அழுகை வரவில்லை.

அந்த நேரம் பார்த்து சைக்கிள் மணி அடித்தது. முக்கால் சாக்குச் சக்கையோடு காசிநாதன்.

"அக்கா, சக்க இருக்குதா?"

"இருக்குது தம்பி. ரோஜா எப்பிடிப் பூக்குது?"

"சும்மா கொத்துக் கொத்தா பூக்குதுக்கா!"

வாசல் தெளிக்கக் கரைத்துவைத்திருந்த சாணித் தண்ணீர் வாளியை மூன்று விரலில் தூக்கினார். சாக்கின் வாயைப் பிரித்து முழுவாளியையும் உள்ளே கவிழ்த்தார். வெளியே ஒரு சொட்டு சிந்தவில்லை.

"ஐயையோ! இன்னாக்கா பண்ணிட்ட? மளிகைக்கட மொதலாளி என்னக் கொன்னுடுவாரே! இத்த எப்பிடிக் காயவெச்சி..." என்று அலறியவன் பாதியில் வாயை மூடிக்கொண்டான்.

எதிர்க்கடைக்குப் போனவர்கள் கிளாஸைக் கையில் வைத்தபடி திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கடையிலும் அதே பாக்கெட்தான்.

"ஏன் தம்பி பதறுற? சாணி நல்ல உரமாச்சே" என்றார் கொளஞ்சியம்மாள்.

அன்று மதியமே கடன் சொல்லிக் கம்பெனித் தூள் வாங்கிவந்தார். போனவர்களில் பாதிப் பேர்தான் திரும்பி வந்தார்கள். செல்லியம்மாள் அதற்குப் பிறகு வரவே இல்லை. கடையை மூடுகிற காலம்வரை, தினமும் எல்லோர் கண்ணெதிரிலும் சக்கையில் சாணித் தண்ணீரை ஊற்றிய பிறகுதான் அடுப்பை அணைப்பார்.

எனக்கு ஆறு டீ தவறாமல் வந்தது. யார் கேட்டாலும் "வெல கம்மின்னு நாந்தான் வாங்கினேன்" என்றே சொன்னார். ஒருநாள்கூட என் பக்கம் கையைக் காட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்த நானும் வாயைத் திறக்கவில்லை.