கையை வீசாத ஆட்டக்காரர்

தலவாக்கலை வீடியோ கேம் கடைக்கு வேலை முடிந்ததும் ஒரு பஸ் கண்டக்டர் வந்துவிடுவார். ஒல்லியான உடம்பு, பாதி மூடிய கண்கள். கட்டைவிரல்கள் மட்டும் பட்டன்களில் ஓடும். அவரை யாரும் வென்றதில்லை. கையில் பிடித்து வீசினால் திரையில் டென்னிஸ் ஆடும் புது ரிமோட் வந்தபோது நாங்களெல்லாம் எழுந்து நின்று குதித்தோம். அவர் அதைத் தொடவேயில்லை.

"ஒரு தடவ விளையாடிப் பாருங்கண்ணே," என்றேன்.

"காலையிலேருந்து பஸ்ஸுல வளைவுக்கு வளைவு சாஞ்சு சாஞ்சு நிக்கிறேன் தம்பி. இங்கயாவது அசையாம உக்காந்துக்கிறேன்."

மறுநாள் அவருடைய பஸ்ஸில் ஹட்டன் போனேன். வழியெல்லாம் பனி. ஒரு வளைவில், கம்பியைப் பிடித்துச் சாய்ந்து நின்றவரின் மறுகை மெல்ல எழுந்து, இல்லாத பந்தொன்றைத் திருப்பி அடித்தது. தேயிலைச் சரிவுக்கு மேல் அது எங்கே போய் விழுந்ததோ, இன்னமும் யோசிக்கிறேன்.