பதினேழு கட்டமும் ஒரு வெறும் வயிறும்

ஒப்துலியா ரிக்கெல்மே பராகுவேயின் சிறிய ஊர் ஒன்றின் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். ஊழியர்கள் கூடிப் பேசி வேலை செய்வது எப்படி என்று தலைநகரில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தாள். அங்கே மற்றவர்களைப் பேசவிடாமல் பேசியவள் அவள்தான்.

காலையில் ஷிப்டு மாறும்போது சமையல்காரி, ஆம்புலன்ஸ் டிரைவர் உட்பட எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒரே குவளையில் தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைத் தேநீர் குடிப்பது வழக்கம். திரும்பியதும், வெறும் ஊர்வம்பு என்று அதை நிறுத்தினாள். அதற்குப் பதிலாகப் பதினேழு கட்டம் போட்ட படிவம் வந்தது. நர்சுகளும் டாக்டர்களும் படித்தால் போதும் என்று சொன்னவளும் அவள்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தோன் சில்வீனோவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். நான்கு மாதம் காத்திருந்த கிழவர். தலைநகரிலிருந்து சர்ஜன் செவ்வாய் மட்டும்தான் வருவார். பதினோராம் கட்டத்தில் ‘வெறும் வயிறு’ என்று ஒப்துலியா முத்து முத்தாக எழுதியிருந்தாள். எட்டு மணிக்குப் போனால் கிழவரின் மீசையில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. மரவள்ளிக்கிழங்கு ஆறரைக்கே உள்ளே போயாயிற்று.

சமையல்கட்டுக்கு ஓடினாள். “மார்சியானா, யாரு அவருக்குக் குடுக்கச் சொன்னா?”

“யாரு வேணாம்னு சொன்னா? வட்டத்துல உக்காந்தா யாருக்குக் கத்தி, யாருக்குக் கஞ்சின்னு காதுல விழும். உன் காகிதம் இந்தப் பக்கம் வர்றதில்லியே, தலைவி!”

பதினாறாம் கட்டம்: ‘தவறுக்குப் பொறுப்பு’. பேனா ‘சமையல’ வரை போய்விட்டது. அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள். கட்டம் கொள்ளவில்லை. தன் பெயர் அங்கே வரும் என்று நினைத்தா போட்டிருந்தாள்?

“ரெண்டு மணிக்கு முன்னாடி மயக்கம் குடுக்க முடியாது. எனக்கு ஒன்றரைக்கு பஸ். அடுத்த வாரம் பாக்கலாம்,” என்றார் சர்ஜன்.

கதவோரம் நின்ற ஆம்புலன்ஸ் டிரைவர் போர்ஃபீரியோ தொண்டையைச் செருமினார். “சாயங்காலம் ஒரு நோயாளிய ஏத்திக்கிட்டு நான் தலைநகரம் போறேன், டாக்டர். முன்சீட்டு காலிதான்.”

“இத எங்கிட்ட ஏன் சொல்லல?” என்றாள் ஒப்துலியா.

“கேட்டாத்தானே சொல்ல, ஒப்துலியாம்மா.”

சர்ஜன் பையைக் கீழே வைத்தார். ஒப்துலியா கிழவரிடம் போனாள். “தப்பு என்னோடது, தோன் சில்வீனோ.”

“எந்தத் தப்பு? இந்த ஆஸ்பத்திரியில எனக்குக் கெடச்ச மொத நல்ல விஷயம் அந்தக் கிழங்குதான், மகளே.”

இரண்டேகாலுக்கு அவரை உள்ளே தள்ளிப் போனார்கள். ஒரு மணி நேரத்தில் நல்லபடியாக முடிந்தது. ஒப்துலியா சமையல்கட்டுக்குப் போய், ராத்திரி அவருக்கு என்ன கொடுக்கலாம், என்ன கூடாது என்று தன் வாயால் சொன்னாள்.

“இன்னொரு தடவ சொல்லு,” என்றாள் மார்சியானா. காதில் விழாததால் அல்ல. கேட்க நன்றாக இருந்ததால்.