ஜெரெமியாஸின் இரண்டு பட்டாளங்கள்

ஜெரெமியாஸ் நாந்தும்புவின் நிலத்தில் மூன்று பயிர் விளையும் என்பாள் அவர் மனைவி செலினா: மரவள்ளி, நிலக்கடலை, பட்டாளத்துக்காரன்.

சொன்னதில் பிழையில்லை. உள்நாட்டுப் போர் மூண்ட காலத்தில், கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவரை அரசுப் படையின் லாரி அள்ளிக்கொண்டு போனது. இரண்டு வருடம் ஆற்றுப் பாலத்துக்குக் காவல் இருந்தார். முதல் மழை விழுந்ததும் மனசு கேட்காமல், துப்பாக்கியும் கையுமாக விதைப்புக்கு ஓடிவந்துவிட்டார். பட்ட காலிலேதானே படும்? துப்பாக்கியைப் புதைத்துவிட்டு மரவள்ளிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தவரை, அரசை எதிர்த்த காட்டுப் படை வந்து பிடித்தது. முன்பு காவல் காத்த அதே பாலத்தை எதிர்க்கரையிலிருந்து சுடச் சொன்னார்கள். சுட்டார்.

சமாதானம் வந்தபோது, துப்பாக்கியை ஒப்படைத்தவர்களுக்கு ஆளுக்கொரு மண்வெட்டி கொடுத்தார்கள். நம்மவர் காட்டுப் படைத் துப்பாக்கியை முகாமில் கொடுத்தார், புதைத்ததைத் தோண்டி மாதா கோயிலில் கொடுத்தார். ஊரிலேயே இரண்டு மண்வெட்டி வாங்கிய வீரர் அவர் ஒருவர்தான்.

"அத்தனை வருசம் சுட்டீங்களே, யார் மேலயாவது பட்டுச்சா?" என்று செலினா கேட்பாள்.

"முந்திரி மரத்து உச்சியப் பார்த்துத்தான்டி சுட்டேன்."

"பாவம், அது உங்களை என்ன பண்ணுச்சு?"

எந்தப் பக்கம் இருந்தாய் என்று யாராவது கேட்டால், கேட்பவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். இந்த வித்தை பத்து வருடம் பலித்தது. போன வருடம் கவிழ்த்துவிட்டது. மகள் இல்டாவைப் பெண் கேட்டு வந்த பெரியவரின் பட்டாளத் தொப்பியைப் பார்த்து, "அரசுப் படைதாங்க" என்று நெஞ்சை நிமிர்த்தினார். தொப்பியோ பழைய துணிச் சந்தையில் வாங்கியது. அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் காட்டுப் படையில் இருந்து செத்தவர்கள். கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். இல்டா ஒரு மாதம் அப்பாவோடு பேசவில்லை. அந்த ஒரு மாதம் போரைவிட நீளமாக இருந்தது அவருக்கு.

இப்போது வேன் ஓட்டும் எலியாஸ் வீட்டார் வருகிறார்கள். இல்டாவுக்கு அவன் மேல் உயிர்.

"அப்பா, இந்தத் தடவை வாயைத் திறக்காதீங்க" என்றாள். கெஞ்சலா மிரட்டலா என்று தெரியவில்லை.

வாயைத் திறக்காமல் எப்படி? மாப்பிள்ளை வீட்டுச் சீரை வாங்குமுன், முற்றத்தில் முன்னோர் குடியிருக்கும் கான்யூ மரத்தடியில் மது ஊற்றி, குடும்பத்தின் கதையைச் செத்தவர்கள் காதுபடச் சொல்லியாக வேண்டும். அங்கே மட்டும் புளுக முடியாது. உயிரோடிருப்பவர்கள் கேட்ட பொய்யை மறந்துவிடுவார்கள். செத்தவர்களுக்கு வேறென்ன வேலை?

முறைப்படி எதிரெதிரே பாய் விரித்திருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் பவுலினோ மக்காமு அந்தப் பக்கத்துக்காகப் பேச வந்தவர். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தலையில் தொப்பியும் இல்லை. ஜெரெமியாஸ் தாத்தா பெயரில் தொடங்கி, அப்பா தங்கச் சுரங்கத்துக்குப் போனது, மூன்று பசு செத்தது என்று நீட்டி முழக்கி, போர் வந்த இடத்தில் தொண்டையைச் செருமினார்.

"சண்டையில நீங்க எந்தப் பக்கம்?" என்றார் பவுலினோ.

சமையலறை வாசலில் இல்டா நின்றுகொண்டிருந்தாள். ஜெரெமியாஸ் அவளைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும்தாங்க. மொதல்ல பாலத்துக்குக் காவல். அப்புறம் காட்டுல இருந்து அதே பாலத்தைச் சுட்டேன். ரெண்டுமே நான் கேட்டுப் போனதில்ல. இதுக்காக எம்பொண்ணை வேணாம்னு சொல்லிடாதீங்க."

பவுலினோ கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தார்.

"எந்தப் பாலம்?"

"நம்ம ஆத்துப் பாலம்தான். பக்கத்துல முந்திரித் தோப்பு இருக்குமே."

"நானும் ரெண்டு பக்கமும்தான்யா இருந்தேன்" என்றார் பவுலினோ. "மொதல்ல காடு. தப்பிச்சு வீட்டுக்கு வந்தேன், லாரியில ஏத்திட்டாங்க. அப்புறம் பாலம்."

ஜெரெமியாஸ் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார். திரும்பவும் கூட்டினார். "அப்போ முழுச் சண்டையும் நான் உங்களைத்தான் சுட்டேனா?"

"நான் மட்டும் என்னவாம்?"

"நல்லவேளை, ரெண்டு பேருக்கும் குறி பார்க்கத் தெரியல" என்றாள் செலினா.

சிரிப்பு முற்றத்தைச் சுற்றி வந்தது. பவுலினோவும் சிரித்தார், ஆனால் கண் கலங்கிவிட்டது. அவர் எழுந்தார். இல்டாவுக்குப் போன வருடத்துக் கோழிக் குழம்பு ஞாபகம் வந்தது. அவர் வாசல் பக்கம் போகவில்லை. பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து, ஜெரெமியாஸின் பாயோடு ஒட்டி விரித்தார்.

"மாமா, சீர் வாங்கும்போது எதிரெதிரேதான் உட்காரணும். அதுதானே முறை?" என்று எலியாஸ் முணுமுணுத்தான்.

"அத்தனை வருசம் அப்படி உட்கார்ந்தது போதும்டா" என்றார் பவுலினோ.