கண்டக்டரம்மா வார்டுக்கு வரும் நாள்

எங்கள் மனநல வார்டில் அந்த அம்மாவை எல்லோரும் ‘கண்டக்டரம்மா’ என்போம். இருபது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தவர். சட்டப்படி இங்கே வைக்கப்பட்டு, நினைத்தபடி வெளியே போக முடியாத நோயாளிகளுக்குத் துணையாக இப்போது வருகிறார். ஆஸ்பத்திரி ஆள் இல்லை. நோயாளி நினைப்பது டாக்டர் காதில் விழ வேண்டும். அவ்வளவுதான் அவர் வேலை. தரை துடைக்கிற எனக்கு அது புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று.

“எல்லாருக்கும் வீட்டுக்கு டிக்கெட் கிழிச்சுடுவீங்க போலிருக்கே!” என்று நர்ஸ் சீண்டுவார்.

“எங்க இறங்கணும்னு அவங்கதாம்மா சொல்லணும். நான் விசில் ஊதுறவ.”

ஆறாம் கட்டிலில் ஒரு தையல்காரி. ஊசி மருந்து ஆரம்பித்ததிலிருந்து கை நடுக்கம். நூல் கோக்க முடியவில்லை.

“நாளைக்கு உன் சிகிச்சையப் பத்தி டாக்டர் கூட்டம் போடுறாரே, அதுல சொல்ல மருந்தே வேண்டாம்னு எழுதிக்கவா?” என்று கேட்டார் கண்டக்டரம்மா.

“இல்லக்கா, வேற மருந்துன்னு எழுது. வீட்டுக்குப் போகணும்னும் எழுது.”

மறுநாள் கூட்டத்துக்கு டீ கொண்டுபோன நான் கதவோரம் நின்றுவிட்டேன். பெரிய டாக்டர் தையல்காரியின் அண்ணனைப் பார்த்து, “இதே மருந்து தொடரட்டுமா?” என்றார்.

“நீங்க பாத்து செய்யுங்க சார். அவளுக்கு என்ன தெரியும்?”

தையல்காரி குனிந்த தலை நிமிரவில்லை. டாக்டர் பேனாவைத் திறந்தார். “அவங்களும் மறுத்துப் பேசல.”

“அவங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்ல சார்,” என்றார் கண்டக்டரம்மா. எழுதிய தாள் கையில்தான் இருந்தது. “நீயே சொல்றியா, நான் படிக்கட்டுமா?” என்று அவளிடம் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு வாய் வராதபோதெல்லாம் பக்கத்தில் இருப்பவர்கள் முந்திக்கொண்டு பேசித்தான் பழக்கம். கண்டக்டரம்மா அப்படி முந்தவில்லை.

தையல்காரி என் தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தாள். பாதி டீ மேசையில் சிந்தியது.

“இந்தக் கையாலதான் நான் பொழைக்கணும் அண்ணா. மருந்து வேணாம்னு சொல்லல. இது வேணாம்.”

டாக்டர் பேனாவை மூடினார். மருந்தை மாற்றினார்கள். வீட்டுக்குப் போகணும் என்று தாளில் இருந்ததையும் கண்டக்டரம்மா படித்தார். அதற்கு விடவில்லை, இன்னும் ஒரு மாதம் என்றார்கள்.

வெளியே வந்ததும் தையல்காரி கண்டக்டரம்மா மேல் பாய்ந்தாள். “நீ வந்து என்ன பிரயோஜனம்? பூட்டு அப்படியேதான இருக்கு!”

“இருக்குதான். உன்னை இங்க வெச்சிருக்கிறது சரியான்னு பாக்க மறு ஆய்வுக் குழு இருக்கு, அதுக்கு மனு போடலாம். அங்கயும் முடியாதுன்னு சொன்னாலும் சொல்லிடுவாங்க. போடலாமா?”

தையல்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்டக்டரம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். மேசையைத் துடைத்துவிட்டு நான் வந்தபோதும் இருவரும் அப்படியே இருந்தார்கள்.

“எழுதுக்கா,” என்றாள் கடைசியில். “எங்கண்ணன் கெட்டவன் இல்லன்னும் எழுது.”