முதல் பெயர் தண்ணீர்

பதினோரு ஜாடிகளை எடுத்து, திருப்பி, படித்து, எடுத்த இடத்திலேயே வைத்தாயிற்று. பன்னிரண்டாவதை அராபா இப்போது வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருக்கிறாள். மூக்குக் கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்துவிட்டது. ஜாடியின் முன்பக்கம் சுருள்முடிக்காரி ஒருத்தி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். அவளை அராபா ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பின்பக்கம்தான் அவளுக்கு வேண்டியது. அங்கே எறும்பு வரிசை போல ஓடும் பொடி எழுத்தில், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று போட்டிருக்கும்.

"அக்கா, இது கடை. லைப்ரரி இல்ல," என்றாள் கடைக்காரி மான்சா, கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமல்.

"புருஷனைத்தான் பின்பக்கம் படிக்காம கட்டிக்கிட்டேன். இதையாவது படிச்சுட்டு வாங்கறேன்."

மான்சாவின் கடை தக்கராடிச் சந்தை வட்டத்தில் இருக்கிறது. முன்னால் தலைக்குப் பூசுகிற சாமான்கள், பின்னால் முடி கழுவிப் பின்னிவிட மூன்று நாற்காலிகள். வாரத்துக்கு இரண்டு முறை வருகிற அராபா, வெறுங்கையோடு போனால் படித்தது மிச்சம் என்று போவாள், வாங்கினால் மலிவு என்று போவாள். இரண்டிலும் அவளுக்கு லாபம்தான்.

தபால் நிலையத்தில் தபால்தலை விற்பது அவள் உத்தியோகம். கடிதம் எழுதுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று அரசாங்கம் கவலைப்படுகிறது. அராபாவின் ஜன்னலில் மட்டும் கூட்டம் குறைந்ததில்லை. தேங்காய் நாராகத் தலை காய்ந்துபோன பெண்கள் ஒரு தபால்தலை வாங்குகிற சாக்கில் வந்து நிற்பார்கள். அவள் அவர்களுடைய முடியில் ஓரிழையை விரலில் சுற்றிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுவாள்.

அவளிடம் மூன்று சட்டங்கள் உண்டு. முதலாவது, பின்பக்கத்தில் முதல் பெயர் தண்ணீராக இருக்க வேண்டும். "நம்ம முடிக்கு வேண்டியது ஈரம். எண்ணெய் வெறும் பூட்டு. உள்ள ஒண்ணுமே இல்லாத வீட்டுக்குப் பூட்டு எதுக்கு?" என்பாள். இரண்டாவது, விலை ஊர்ப் பணத்தில் முப்பது சீடியைத் தாண்டக் கூடாது. விலை ஏறினால் உள்ளே இருக்கிற தண்ணீர் இனிக்கவா போகிறது என்று கேட்பாள். மூன்றாவது, தலையில் எப்போதும் பட்டுத்துணி கட்டியிருக்க வேண்டும், ஈரம் ஓடிப்போகாமல் இருக்க. இந்த மூன்றாவதை அவள் யாருக்கும் வலியுறுத்துவதில்லை. ஆனால் தான் மட்டும் தவறியதில்லை. கோயிலிலும் சரி, படுக்கையிலும் சரி, அந்த ஊதா முடிச்சை அவிழ்த்து யாரும் பார்த்ததில்லை.

வீட்டுக் குளியலறை அலமாரியில் இருபத்துமூன்று ஜாடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வாங்கும்போது 'இதுதான் கடைசி' என்று சத்தியம் செய்து வாங்கியது. தேங்காய் ஜாடி எறும்பு கூட்டியது. வாழைப்பழ ஜாடி பூசிய மூன்றாம் நாள் வரை துணுக்குத் துணுக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. இன்னொன்று தலையில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை பூத்தது. எதையும் அவள் எறிவதில்லை, வீணாக்கக் கூடாதாம். தனித்தனியே எல்லாம் மலிவுதான். கூட்டினால் ஒரு தையல் மெஷின் வந்திருக்கும், ஆனால் அராபா கூட்டிப் பார்க்கிறவள் அல்ல. அவள் கணவருக்குத் தலையில் பேருக்கும் முடி கிடையாது. அவருடைய பல் துலக்கும் பிரஷ் அலமாரியில் இடமில்லாமல் சட்டை மாட்டும் ஆணிக்குப் போய் வருஷம் நாலாகிறது.

இத்தனையும் தன் தலைக்கு என்று ஊர் நினைக்கிறது. ஊர் நினைப்பது தப்பு. தன் தலையில் பூசிப் பார்ப்பதெல்லாம் மகள் எக்குவாவுக்காக. பள்ளி விதிப்படி அவள் தலை இத்தனை வருஷமும் ஒட்ட வெட்டியே கிடந்தது. பள்ளி முடிந்ததும் உன் தலை என் கையில் என்று அராபா வாக்குக் கொடுத்திருந்தாள். பள்ளியும் முடிந்தது. முடி விரல் நீளம் வளர்ந்தது. ஆனால் கத்தரிக்காய் முற்றினால் சந்தைக்கு வந்துதானே ஆகவேண்டும்? போன வாரம் எக்குவா மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டாள். அவள் தோழிகள் எல்லாரும் கிரீம் போட்டு முடியை நேராக்கிக்கொண்டார்களாம், அவளும் போட்டுக்கொள்ளப் போகிறாளாம்.

 அராபா கோபப்படாமல் ஒரு பந்தயம் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை தானே கழுவிப் பதப்படுத்திச் சீவிவிடுவது. சீப்பு இறங்கும்போது எக்குவா ஒரு 'ஆ' சொன்னாலும் அம்மா தோற்றாள், கிரீமுக்குச் சம்மதம்.

அந்தச் சீவலுக்காக அவள் இருபத்துமூன்று ஜாடிகளையும் ஒதுக்கிவிட்டு, தன் கையாலேயே ஒன்று செய்தாள். வெண்டைக்காயை வேகவைத்து, பழைய காலுறையில் வடிகட்டி, வழவழவென்று வந்த கூழில் கிராம்பு வாசனை சேர்த்தாள். ஐஸ்கிரீம் டப்பாவில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தாள். அங்கேதான் பிசகினாள். தக்கராடியில் எந்த வீட்டு ஐஸ்கிரீம் டப்பாவிலும் ஐஸ்கிரீம் இருப்பதில்லை, குழம்புதான் இருக்கும். சனிக்கிழமை செக்கொண்டியிலிருந்து வந்த கணவரின் அண்ணன் குவேசிக்கும் அது தெரியும். டப்பாவைத் திறந்து, சுடவைத்து, நாலு உருண்டை பாங்கூக் களியை அதில் தோய்த்துத் தோய்த்து விழுங்கிவிட்டு ஏப்பம் விட்டார்.

"உப்பு ஒரு கல்லு கம்மி. மத்தபடி உன் கைப்பக்குவம் யாருக்கும் வராது, அராபா," என்றார்.

புருஷனின் அண்ணனாயிற்றே, என்ன சொல்வது? சிரித்துவைத்தாள். மறுநாளும் அதே குழம்பு கிடைக்குமா என்று கேட்டார். அப்போதும் சிரித்துவைத்தாள். அதற்குப் பிறகுதான் எக்குவாவைக் கையோடு இழுத்துக்கொண்டு, மாற்று ஏதாவது தேடி மான்சாவின் கடைக்கு வந்தாள். பன்னிரண்டாவது ஜாடியைப் பிடித்துக்கொண்டு அவள் வெளிச்சத்தில் நிற்பது இதனால்தான்.

பின்னாலிருந்து எக்குவா கூப்பிட்டாள். அவள் கையில் முடி நேராக்கும் கிரீம் டப்பா ஒன்று இருந்தது. பின்பக்கத்தைத் திருப்பி, அம்மா மாதிரியே கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தாள்.

"அம்மா, முதல் பேரு தண்ணி." டப்பாவைக் கவிழ்த்து விலையும் பார்த்தாள். "பதினெட்டு சீடி."

நாற்காலிகளில் இருந்த மூன்று பெண்களும் திரும்பினார்கள். மான்சா கல்லாவிலிருந்து இப்போதுதான் தலையைத் தூக்கினாள்.

"உங்க சட்டப்படி இது பாஸ், அக்கா. இனிமே நீங்க மேல்முறையீடுதான் போகணும்."

அராபா டப்பாவை வாங்கிப் படித்தாள். மகள் பொய் சொல்லவில்லை. முதல் பெயர் தண்ணீர்தான். இரண்டாவதும் மூன்றாவதும் ஏதோ எண்ணெய், மெழுகு. நான்காவது, முடியை நேராக்கும் காரம்; அந்தப் பெயரை அவள் படிக்க வேண்டியிருக்கவில்லை. இருபது வருஷம் மாதாமாதம் எரிந்த தலைக்கு அது மனப்பாடம்.

எரியும் என்று சொல்லலாம். எக்குவாவின் தோழிகளும்தான் சொல்லியிருப்பார்கள், எரிந்தால்தான் நேராகும் என்று.  இந்தக் கடையில், இத்தனை பேர் முன்னால், தான் தோற்றால் மகள் தலையும் தன் தலை மாதிரி ஆகிவிடும் என்பது அவளுக்குத் தெரிந்தது.

டப்பாவைக் கல்லாமேல் வைத்தாள். கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பைக்குள் போட்டாள். பிறகு இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய் ஊதா முடிச்சை அவிழ்த்தாள்.

உச்சியில் முடி அடர்த்தியாக, கறுப்பாக, ஈரமாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் நெற்றிப்பொட்டிலிருந்து காதுக்குப் பின்புறம் வரை ஒன்றுமே இல்லை. உள்ளங்கை போல வெறும் தோல் மின்னியது. நாற்காலிப் பெண்களில் ஒருத்தி பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

அராபா மகளின் ஆள்காட்டி விரலைப் பிடித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்தாள்.

"இதையும் படி," என்றாள்.

எக்குவாவின் விரல், பொடி எழுத்தைத் தொட்டுத் தொட்டுப் படிப்பதுபோல, காதை நோக்கி மெள்ள நகர்ந்தது.